ஜெர்மனியில் எம்.எஸ். இலவசமாமே, 28 வயதில் வேலையை விட்டுவிட்டுப் போகலாமா?

2025 ஜூன் 7 – கேள்வி

மெக்கானிக்கல், 2019 பாஸ்-அவுட், சிஜிபிஏ 7.0. சொந்த ஊர் தர்மபுரி பக்கம். இப்போது பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பிரேக் கன்ட்ரோல் டெஸ்டிங். வயது 28. அமெரிக்கா என்றால் அறுபது லட்சம் ஆகும், ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது, கையெழுத்துப் போடு என்கிறார் கன்சல்டன்ட். அப்பாவிடம் நிலம் இருக்கிறது, அதை அடமானம் வைக்க எனக்கு மனசில்லை. போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்த அண்ணன்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

ஜூன் 7, இரவு

தம்பி, கன்சல்டன்ட் சொன்னதில் பாதி நிஜம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் இல்லை. செமஸ்டர் கட்டணம் என்று ஒன்று உண்டு, ஊருக்கு ஊர் நூறிலிருந்து முந்நூறு சொச்சம் யூரோ, பல இடங்களில் பஸ் ரயில் பாஸும் அதிலேயே அடக்கம். ஆனால் ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூஹே எல்லாம் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து நம்மைப் போல வெளியிலிருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1500 யூரோ கட்ட வேண்டும். நான் படித்தது அந்த மாநிலத்தில்தான். 2016 அக்டோபரிலேயே சேர்ந்துவிட்டதால் தப்பித்தேன், எனக்கு அடுத்த வருடம் வந்த பையன்கள் அதே வகுப்புக்குக் காசு கட்டி உட்கார்ந்தார்கள். மியூனிக் டெக்னிக்கல் யூனிவர்சிட்டியில் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு செமஸ்டருக்கு 4000 அல்லது 6000 யூரோ.

அப்புறம் பிளாக்டு அக்கவுன்ட். விசாவுக்கு முன்பே 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், இன்றைய ரேட்டுக்குப் பதினோரு லட்சத்துக்கு மேல். அது ஃபீஸ் அல்ல, உங்கள் பணம்தான், அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்பி வரும், அதில்தான் வாடகையும் சாப்பாடும். ஆறு வருடம் வேலை பார்த்திருக்கிறீர்கள், இந்தத் தொகையில் பாதியாவது சேர்த்திருந்தால் நிலத்தைத் தொட வேண்டியதில்லை. அரசு வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை, ஆள் ஜாமீன்தான்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இது சல்லிசுதான். ஆனால் வேலையை விட்டால் இரண்டு இரண்டரை வருடச் சம்பளம் போகிறதே, அதை எந்தக் கன்சல்டன்டும் கணக்கில் எழுத மாட்டார்.

ஜூன் 8, காலை

ராத்திரி சிஜிபிஏ-வைக் கவனிக்காமல் விட்டேன். 7.0 என்பது அங்கே என்னவாக மாறும் என்று பாருங்கள். பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். அங்கே 1.0 என்றால் முதல் தரம், 4.0 என்றால் தப்பித்தோம் பிழைத்தோம், 5.0 ஃபெயில்.

உங்கள் யூனிவர்சிட்டியில் பாஸ் கிரேடு பாயின்ட் 4 என்றால் உங்களுக்கு 2.5 வரும். பாஸ் கிரேடு பாயின்ட் 5 என்றால் அதே 7.0-க்கு 2.8. நிறைய நல்ல கோர்ஸ்கள் 2.5-ல் கோடு போட்டுவிடுகிறார்கள். படித்தது அதே படிப்பு, மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிற ஒரு எண் உங்களைக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். முதல் வேலையாக மார்க் ஷீட்டைத் திருப்பிப் பாருங்கள்.

ஜூன் 8, மத்தியானம்

பாஸ் பாயின்ட் 4-தான் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நல்லது. 2.5, வாசற்படியில் நிற்கிறீர்கள்.

ஜூன் 11

கன்சல்டன்ட் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். என் அபிப்பிராயம்: தேவையில்லை. டிஏஏடி என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் ஆங்கிலவழிக் கோர்ஸ் பட்டியல் மொத்தமும் இலவசமாகக் கிடக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தில் உங்களைச் சேர்த்துவிட்டால் கன்சல்டன்டுக்குக் கமிஷன் எங்கிருந்து வரும்? ஆகவே பேச்சு மெதுவாக ஒரு தனியார் கல்லூரிப் பக்கம் திரும்பும், பெயரில் பெர்லின் இருக்கும், வருடத்துக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் ஃபீஸ் இருக்கும். கோரமங்களாவில் ஒரு ஆபீஸில் என் அத்தை மகனுக்கு அப்படி ஒரு கல்லூரியின் ஆஃபர் லெட்டர் விண்ணப்பித்த வாரத்திலேயே வந்துவிட்டது. அந்த வேகத்தைப் பார்த்தே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நம் டிகிரியும் மார்க் ஷீட்டும் அசல்தான் என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருகிற ஏபிஎஸ் சான்றிதழ் மட்டும் தவிர்க்க முடியாது. 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், 18,000 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதை நீங்களே செய்யலாம். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிற பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னாலும் ஒரு இடத்தில் விரிந்து அப்பா பெயராகப் பின்னாலும் நிற்கும். அதை இங்கே இருக்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள்.

ஜூன் 12

வயது விஷயம். 28 ஒன்றும் அதிகமில்லை, என் வகுப்பில் 33 வயதுக்காரர் இருந்தார். ஆனால் ஹெல்த் இன்சூரன்ஸ் மாணவர் ரேட்டில் கிடைப்பது 30 வயது வரைதான், 30 முடிகிற செமஸ்டரோடு சரி. இப்போது அது மாதம் 140 யூரோவுக்கு மேல். அதற்குப் பிறகு கூடும். 2026 அக்டோபரில் சேர்ந்தால் உங்களுக்கு 29, பாதிப் படிப்பில் ரேட் மாறும். அரசு இன்சூரன்ஸிலேயே முதலிலிருந்து இருங்கள், மலிவு என்று பிரைவேட்டில் நுழைந்துவிட்டால் படிக்கிற காலத்தில் திரும்பி வருவது பெரும் பாடு.

ஜூன் 15

பரீட்சை பற்றி எழுதச் சொல்லியிருந்தார் ஒருவர், இது கொஞ்சம் நீளும்.

நம் ஊரில் இன்டர்னல், அசைன்மென்ட், அட்டெண்டன்ஸ் என்று அங்கங்கே கொஞ்சம் மார்க் பொறுக்கிக்கொண்டு செமஸ்டர் பரீட்சைக்குப் போவோம். அங்கே பல பாடங்களில் கடைசியில் ஒரே பரீட்சை, முழு மார்க்கும் அதற்கே. வகுப்புக்கு வந்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பரீட்சைக்குப் பதிவு செய்வதும் விலகிக்கொள்வதும் உங்கள் பொறுப்பு, கடைசித் தேதி போய்விட்டால் போனதுதான். பெரும்பாலான கோர்ஸ்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் அந்தக் கோர்ஸ் முடிந்தது, அதே பாடப்பிரிவில் ஜெர்மனியில் வேறு எங்கும் சேரவும் முடியாது. சீட்டு போனால் விசாவுக்கும் ஆபத்து. அரியர் வைத்துப் பழகினவர்களுக்கு இது புரியவே ஒரு செமஸ்டர் ஆகும்.

கன்ட்ரோல் தியரி பேப்பர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையால் எழுதிய ஒரு ஏ4 தாள் கொண்டுவரலாம், இரண்டு பக்கமும் எழுதலாம், ஜெராக்ஸ் கூடாது. நான் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எல்லா டெரிவேஷனையும் 0.3 பேனாவில் அதில் ஏற்றினேன், ஓரத்தில் கூட இடமில்லை. கேள்வித்தாளில் டெரிவேஷனே கிடையாது. ஒரு கிரேனின் படம், கயிற்றில் தொங்கும் சுமை, ஆடாமல் நிறுத்து, எந்த அனுமானங்களை எடுத்தாய் என்று எழுது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த ஜெர்மன் பையன் தாளில் மொத்தம் பத்து வரி இருந்திருக்கும், நிதானமாக எழுதினான்.

ஆனால் ஒரு விஷயம் அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது. ரிசல்ட் வந்த பிறகு ஒரு நாள் குறித்து உங்கள் விடைத்தாளைக் கையில் தருவார்கள். பேராசிரியரின் அசிஸ்டென்ட் எதிரே உட்கார்ந்திருப்பார், எந்த வரியில் அரை மார்க் போயிற்று என்று விரல் வைத்துக் கேட்கலாம், கேட்டு வாங்கியும் இருக்கிறேன். 4.0-க்கும் 5.0-க்கும் நடுவே அந்த அரை மார்க்தான் பலருக்கு நின்றது. நம் பையன்கள் கூச்சப்பட்டுப் போகாமலே இருந்துவிடுவார்கள், போங்கள்.

ஜூன் 16

"மூன்று சான்ஸ் கொடுக்கிறார்களே, எங்கள் காலேஜில் முப்பது சான்ஸ்" என்று எழுதிய புண்ணியவானுக்கு: நீங்கள் இங்கேயே இருங்கள் ஐயா.

ஜூன் 22

கேட்டவரின் அடுத்த கேள்வி: கோர்ஸ் ஆங்கிலத்தில்தானே, எதற்கு ஜெர்மன் மொழி?

கோர்ஸ் ஆங்கிலத்தில்தான். வாழ்க்கை ஆங்கிலத்தில் இல்லை, அதைக்கூட சமாளித்துவிடலாம், கூகுள் இருக்கிறது. வேலைதான் விஷயம். உங்களுக்கே தெரியும், பொம்மசந்திராவிலும் ஆடுகோடியிலும் ஒயிட்ஃபீல்டிலும் ஜெர்மன் கம்பெனிகளுக்காக நம் ஆட்கள் எவ்வளவு பேர் வேலை பார்க்கிறோம். பிரேக், ஸ்டீயரிங், பேட்டரி, எல்லாவற்றுக்கும் இங்கே டெஸ்ட் நடக்கிறது. குளிர்காலத்தில் மத்தியானம் ஒன்றரை மணிக்கு அவர்களுக்குக் காலை ஒன்பது, அப்போது கால் வரும், ரிக்வயர்மென்ட் ஏற்கெனவே எழுதி முடிந்திருக்கும், நாம் டெஸ்ட் கேஸ் எழுதுவோம். அது ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்த வாகனத்தில் என்ன கோளாறு வந்ததால் அந்த வரி சேர்ந்தது, அதெல்லாம் அங்கே ஒரு மீட்டிங்கில் ஜெர்மனில் பேசி முடித்த கதை. நான் மாஸ்டர்ஸ் போனதற்கு ஒரே காரணம் அந்த மேஜையில் உட்கார வேண்டும் என்பதுதான். உங்களுக்கும் அதுதான் ஆசை என்றால், டிகிரி பாதி வழிதான் கொண்டுபோய் விடும், மீதிக்கு மொழி வேண்டும்.

படிக்கும்போதே இது தெரிந்துவிடும். மாணவர் விசாவில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம், 2024 மார்ச்சிலிருந்து இந்தக் கணக்கு, முன்பு 120 நாள்தான். கம்பெனியில் பகுதி நேரம், அப்புறம் ஆறு மாத தீசிஸும் கம்பெனியிலேயே, அங்கேயே வேலை, இதுதான் எல்லோரும் விரும்புகிற பாதை. எனக்குக் கிடைத்த முதல் இன்டர்வியூவில் ஹெச்.ஐ.எல். பெஞ்ச் (வண்டி இல்லாமலே அதன் கன்ட்ரோல் யூனிட்டைச் சோதிக்கிற மேஜை) பற்றி ஆங்கிலத்தில் அரை மணி நேரம் நன்றாகப் போயிற்று. கடைசியில் டீம் லீட் சிரித்துக்கொண்டே ஜெர்மனுக்கு மாறி, போன வார இறுதியில் என்ன செய்தாய் என்று கேட்டார். நான் உளறியதை அவர் பொறுமையாகக் கேட்டார். வேலை என்னோடு படித்த ஒரு கொலம்பியா பெண்ணுக்குப் போயிற்று, அவள் ஜெர்மனில் பி2 (ஏ1, ஏ2, பி1, பி2 என்று மேலே போகிற படிகள்).

ஆகவே போவதற்கு முன் பி1 முடித்துவிடுங்கள். இந்திராநகர் சிஎம்எச் ரோட்டில் கதே இன்ஸ்டிட்யூட் இருக்கிறது.

ஜூன் 23

"பொம்மசந்திராவிலிருந்து இந்திராநகருக்கா, சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்டுவதற்குள் நான் ஜெர்மன் மறந்துவிடுவேன்." நியாயம். ஆன்லைன் வகுப்பும் உண்டு.

ஜூலை 3

ஒரு முக்கியமான மாற்றம். விசா மறுத்தால் தூதரகத்துக்கே இலவசமாக ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கிற வழி இருந்ததே, ஜூலை 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட். அதனால் முதல் தடவையே காகிதங்களை ஒழுங்காக வையுங்கள். ஆறு வருட வேலைக்குப் பின் ஏன் இந்தக் கோர்ஸ் என்பதற்கு ஒரு நேரான பதில் வேண்டும். உங்களுக்கு இருக்கிறது, பிரேக்கிலிருந்து ஃபங்ஷனல் சேஃப்டி (கோளாறு வந்தாலும் வண்டி ஆபத்தில் போகாமல் பார்ப்பது) என்று ஒரே கோட்டில் போகலாம். திடீரென்று டேட்டா சயின்ஸ் என்று எழுதினால் அவர்களுக்கும் சந்தேகம் வரும், எனக்கும் வரும்.

இன்னொன்று, தர்மபுரி விலாசத்தில் விண்ணப்பித்தால் சென்னை, இங்கே வசிப்பதற்குச் சான்று இருந்தால் பெங்களூர் துணைத் தூதரகம். ரென்டல் அக்ரிமென்ட் பழசாகிவிட்டதா பாருங்கள்.

ஜூலை 20

வீடு. சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தாலே எரிச்சல் வருகிறது. மாணவர் விடுதிக்கு அட்மிஷன் கிடைத்த அன்றே பெயர் கொடுங்கள், வரிசை நீளம். சாவி கொடுப்பதற்கு முன் டெபாசிட் அனுப்பச் சொல்கிறவன் எவனாக இருந்தாலும் திருடன். டெபாசிட் சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது, ஹீட்டிங் சேர்க்காத வாடகை அது. பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இது சொர்க்கமாகத் தெரியும். குடிபோனதும் இரண்டு வாரத்துக்குள் முனிசிபல் ஆபீஸில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும், அந்தக் கையெழுத்து தர மாட்டேன் என்கிற வீட்டில் இறங்காதீர்கள். டிவியே இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் என்று கடிதம் வரும். அது ஏமாற்று இல்லை, கட்டித்தான் ஆக வேண்டும், வீட்டில் நாலு பேர் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 12

மஞ்சள் லைன் மெட்ரோ திறந்துவிட்டார்கள்! பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு, அங்கே பச்சை, மெஜஸ்டிக்கில் ஊதா, இந்திராநகர். தம்பி, சாக்கு போச்சு.

ஆகஸ்ட் 13

ஆரம்பத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு ரயிலாம். சரி, பாதி சாக்கு மிச்சம்.

ஆகஸ்ட் 31

ஜூனில் எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். ஏதோ போனால் அந்த மேஜை காத்திருக்கும் என்கிற மாதிரித் தொனிக்கிறது. இன்றைய நிலவரம் அப்படி இல்லை. ஃபோக்ஸ்வாகன் 2024 டிசம்பரில் யூனியனோடு ஒப்பந்தம் போட்டு 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கு மேல் வேலைகளைக் குறைக்கப் போகிறது. கார் பாகங்கள் செய்கிற இசட்எஃப் 2028-க்குள் 14,000 வரை. பிரேக், ஸ்டீயரிங், கியர் பாக்ஸ் என்று நாம் தெரிந்து வைத்திருக்கிற இடங்கள்தான் இவை. நான் தேடிய 2019-ல் இவ்வளவு இறுக்கம் கிடையாது. படித்து முடித்தால் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள், அது பெரிய வசதிதான், ஆனால் 18 மாதமும் தேடுகிறவர்களை இப்போது பார்க்கிறேன்.

இன்னொரு கூத்து, அந்த மேஜையில் பாதி இங்கே நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது. நான் 2022-ல் திரும்பினதே அப்படித்தான். என் டீமின் சேஃப்டி அனாலிசிஸ் வேலையைப் பெங்களூருக்கு மாற்றினார்கள், நீயே போய் ஆரம்பிக்கிறாயா என்று கேட்டார்கள், அம்மாவும் தனியாக இருந்தார், வந்துவிட்டேன். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் செய்த வேலையைத்தான் ஹோசூர் ரோட்டில் செய்கிறேன். போகாமல் இருந்திருந்தால் இது கிடைத்திருக்குமா என்று கேட்டால், என் கம்பெனியில் கிடைத்திருக்காது. ஆனால் இப்போது என் கீழே அந்த வேலையைக் கற்றுக்கொள்கிற இரண்டு பேர் வெளிநாடே பார்க்காதவர்கள், வாகன சேஃப்டிக்கான ஐ.எஸ்.ஓ. 26262 தரவிதிகளை என்னைவிட நன்றாகக் கரைத்துக் குடித்தவர்கள்.

ஆகவே மாற்றி யோசிக்கவும் இடமிருக்கிறது. கேட் (எம்.டெக். நுழைவுத் தேர்வு) எழுதி ஐஐஎஸ்சியில் எம்.டெக். கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, ஊரை விட்டுப் போக வேண்டாம். 12,400-ல் பெங்களூரில் என்ன வரும் என்று சிரிக்கிறீர்கள், விடுதி உள்ளே இருக்கிறது. அங்கே சீட் வாங்குவதுதான் ஜெர்மனியைவிடக் கஷ்டம்.

செப்டம்பர் 2

பி1 முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றதை ஒருவர் பிடித்துக்கொண்டார், வேலை பார்த்துக்கொண்டே பி1 என்றால் இரண்டு வருடம் ஆகுமே என்கிறார். ஏ2-வோடு போங்கள், முதல் செமஸ்டரிலேயே பல்கலைக்கழகத்தின் மொழி வகுப்பில் இடம் பிடியுங்கள், இலவசமாகவோ சொற்பத்துக்கோ கிடைக்கும். ஏ0-வோடு போனால் மட்டும் முதல் செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸும் டெர், டீ, டாஸ் என்கிற ஜெர்மன் ஆர்டிகிள்களும் சேர்ந்து கழுத்தை நெரிக்கும்.

செப்டம்பர் 21

அமெரிக்கா பற்றி இங்கே பேச வேண்டாம் என்றிருந்தேன், ஆனால் எச்-1பி (அமெரிக்க வேலை விசா) புது மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று உத்தரவு வந்ததிலிருந்து இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது. டெக்ஸாஸில் இருக்கிற என் சித்தி பையன் ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தான், ரத்து செய்துவிட்டான். எல்லோரும் ஒரு மாதம் சும்மா இருங்கள், விளக்கம் வரட்டும்.

அக்டோபர் 23

விளக்கம் வந்தது. அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுகிறவர்களுக்கு அந்த ஒரு லட்சம் பொருந்தாது என்கிறார்கள். படிப்புக்குப் பின் ஒரு வருடம், ஸ்டெம் பாடம் என்றால் இன்னும் இரண்டு வருடம் வேலை பார்க்கலாம், அதுவும் இன்று வரை இருக்கிறது. ஆனால் எச்-1பி குலுக்கலில்தான் கிடைக்கும், லாட்டரி லாட்டரிதான். அறுபது லட்சம் கடன் வாங்கி லாட்டரிக்குக் காத்திருக்கிற நெஞ்சுரம் எனக்குக் கிடையாது, இருக்கிறவர்கள் போகட்டும். ஒரு விஷயத்தில் அமெரிக்கா மேல்: அங்கே வேலைக்குப் புதிதாக ஒரு மொழி கற்க வேண்டாம்.

நவம்பர் 9

கேட்டவர் எழுதியிருக்கிறார். ஏ1 பாஸ், ஏ2 நடக்கிறது. வேலையை விடவில்லை, மேனேஜரிடம் கேட்டு சேஃப்டி டீமுக்கு உள்ளேயே மாறியிருக்கிறார். ஏபிஎஸ் அனுப்பிவிட்டார். கேட் தேர்வுக்கும் பணம் கட்டியிருக்கிறார், பிப்ரவரியில் பரீட்சை. அப்பாவிடம் நிலம் பற்றிப் பேசவே இல்லை. எது முதலில் வருகிறதோ அதில் போவேன் என்கிறார்.

எது முதலில் வருகிறதோ அதில் போகாதீர்கள் தம்பி. ஐஐஎஸ்சி கிடைத்தால் அங்கே போங்கள், இல்லாவிட்டால் 2.5-க்கு இடம் கொடுக்கிற ஜெர்மன் கோர்ஸ்களில் பக்கத்திலேயே கம்பெனிகள் இருக்கிற ஊராகப் பார்த்துப் போங்கள், ரேங்கிங் பார்க்காதீர்கள். இரண்டும் இல்லையென்றால் அந்த சேஃப்டி டீமிலேயே இரண்டு வருடம் இருப்பதும் மோசமில்லை.

நவம்பர் 10

யூனி-அசிஸ்ட் (பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பம் வாங்கிச் சரிபார்க்கிற அமைப்பு) கட்டணம் கேட்டவருக்கு: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டருக்கு அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30. குளிர்கால செமஸ்டருக்குப் பொதுவாக ஜூலை 15 கடைசி, ஆனால் வெளிநாட்டவர்களுக்குச் சில இடங்களில் மார்ச்சிலேயே மூடிவிடுகிறார்கள், ஒவ்வொரு கோர்ஸின் பக்கத்திலும் தனித்தனியாகப் பாருங்கள். ஜூலைத் தேதியை நம்பி இருந்தால் அக்டோபருக்குள் விசா கைக்கு வருவது சந்தேகம்.

குக்கர் எடுத்துப் போகலாமா என்று கேட்டவருக்கு: மூன்று லிட்டர் போதும், கேஸ்கெட் இரண்டு கூடுதலாக. விடுதியில் முதல் விசிலுக்கே யாராவது கதவைத் தட்டுவார்கள்.